குளத்துக்கு ஏற்ற வலை எது?

வயலையும் வளவையும் விட்டுப் பெயர்ந்து வந்த குடும்பங்கள் பல, இன்னொருவர் ஊரின் குளக்கட்டுக்குக் கீழே கொட்டில் போட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கின்றன. இன்றும் சில அவ்வாறே வாழ்கின்றன. கூலி வேலை கிடைக்கும் நாளில் அடுப்பு எரியும். கிடைக்காத நாளில் குளத்தைப் பார்த்த கண் வலையைத் தேடும். இது இயல்பே. "கமக்காரன் வலை தூக்குவதா?" என்று கூச்சப்படுகிறவர்களும் எம்மிடையே உண்டு. அந்தக் கூச்சம் தேவையற்றது. வன்னியில் கமம் செய்தவர்கள் குளம் வற்றும் காலத்தில் கரப்பும் தூண்டிலும் எடுத்துக்கொண்டு இறங்கியே வந்திருக்கிறார்கள்.

ஆனால் கறிக்கு மீன் பிடிப்பது வேறு, பிழைப்புக்குப் பிடிப்பது வேறு. பிழைப்பு என்று வந்தவுடன் முதற் செலவு வலைக்கு. முதற் கடனும் வலைக்கே. அந்த வலை பிழையாக அமைந்துவிட்டால் கையில் மிஞ்சுவது கடன் மட்டுமே. எனவே இம்முறை எமது பாடம் குளத்து மீன்பிடி உபகரணங்களைப் பற்றியது. கடல் வலைகளையும், களப்பில் கட்டும் களங்கண்ணியையும் பற்றி இங்கு பேசவில்லை. அவை வேறு அறிவு. அதைக் கடற்றொழிலாளரிடம்தான் கற்க வேண்டும்.

நாம் செய்த தவறு

மற்றவர்களுக்குச் சொல்லுமுன் எமது தவறைச் சொல்லிவிடுவது நல்லது. 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்வந்த ஆண்டுகளில், ஓரிடத்தில் குளத்தோரமாக இருந்த குடும்பங்களுக்கு வலை வழங்கும் பொறுப்பை நாம் ஏற்றோம். கையில் இருந்த பணம் அளவானது. சிலருக்கு நல்ல வலை கொடுப்பதிலும் பார்க்க எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தால் மனக்கசப்பு வராது என்று எண்ணினோம். மலிவாகக் கிடைத்தது 2 அங்குலக் கண் வலை. அதையே வாங்கினோம். குளத்தில் தொழில் செய்கிற ஒருவரிடமாவது கேட்டோமா என்றால், இல்லை.

முதற் கிழமை மீன் அள்ளி வந்தது. எல்லாரும் மகிழ்ந்தார்கள், நாமும் மகிழ்ந்தோம். மூன்றாம் கிழமை அந்த ஊர் மீன்பிடிச் சங்கத்தார் எம்மிடம் வந்தார்கள். அவர்கள் சத்தமிடவில்லை. ஒரு சருவச்சட்டியைக் கொண்டுவந்து எமது முன்னால் வைத்தார்கள். உள்ளே உள்ளங்கை அளவான கட்லாவும் ரோகுவும். அந்த மாரியில் சங்கம் தன் பணத்தைப் போட்டு வாங்கி விட்ட குஞ்சுகள் அவை. எட்டு ஒன்பது மாதம் விட்டிருந்தால் ஒவ்வொன்றும் கிலோக் கணக்கில் நின்றிருக்கும். "பாதர், உங்கட சனம் பசியில பிடிச்சிது, அதில எங்களுக்குக் கோபமில்லை. வலை குடுத்த நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றார் அவர்களில் மூத்தவர்.

வலைகளைத் திருப்பி வாங்கினோம். ஆனால் அதற்குள் சில குடும்பங்கள் கயிறும் மிதப்பும் வாங்கக் கடன் பட்டிருந்தன. ஒரு தாய் தன் தோட்டை அடகு வைத்திருந்தார். அந்தக் கடனை யார் கட்டுவது என்று கேட்டபோது எம்மிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் ஒருவாறு சிறிது சிறிதாகத் தீர்த்தோம். வந்த ஊரில் கெட்ட பெயரைத் தீர்க்க அதிலும் கூடிய காலம் எடுத்தது. கீழே வருபவற்றிற் பெரும்பகுதி, அதன் பின்னர் பழைய குளத்து மீனவர்களின் வாடியில் இருந்து நாம் கேட்டும் பார்த்தும் அறிந்தவை.

கண்ணளவு

குளத்தில் நிறுத்தி வைக்கும் வலை செவுள் வலை. மீன் கண்ணுக்குள் தலையை விடும்; உடம்பு நுழையாது; பின்னால் இழுக்கும்போது செவுள் மாட்டிக்கொள்ளும். ஆகவே எந்த அளவு மீன் வரும் என்பதைத் தீர்மானிப்பது வலையின் நீளமோ விலையோ அல்ல, கண்ணே.

இலங்கையில் நன்னீர்க் குளங்களில் செவுள் வலையின் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். இந்த அளவு இழுத்துப் பிடித்த கண்ணின் அளவு. ஒரு கண்ணின் எதிரெதிர் முடிச்சுகள் இரண்டையும் இரண்டு விரலாற் பிடித்து இழுத்தால் கண் மூடி ஒரு கோடாகும். அந்தக் கோட்டின் நீளமே கண்ணளவு. கடையில் அங்குலத்திற் சொல்வார்கள். 3 அங்குலம் என்றால் 7.6 சென்ரிமீற்றர்; அது காணாது. 3½ அங்குலம் என்றால் 8.9, அது சரி. அடுத்தடுத்த முடிச்சுக்கு இடையில் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் அளந்து சொல்கிற கடைக்காரரும் உண்டு. அந்தக் கணக்கில் 1¾ அங்குலம் என்பதுதான் எமது 3½. இந்த இரு கணக்கும் குழம்பியே பலர் ஏமாறுகிறார்கள். ஆகவே சொல்லை நம்பாமல் அடிமட்டத்தைக் கொண்டு போங்கள். பத்துக் கண்ணைச் சேர்த்து இழுத்து அளந்தால் 85 சென்ரிமீற்றருக்குக் கூட வரவேண்டும். ஒரு கண்ணை மட்டும் அளந்தால் கை பிழைக்கும்.

தங்கூசி வலை வேண்டாம். அது தண்ணீரிற் கண்ணுக்குத் தெரியாது, மீன் கூடப் படும் என்பது உண்மை. ஆனால் அது தடைசெய்யப்பட்ட வலை. அறுந்து குளத்தில் விடுபட்டால், ஆளில்லாமலே ஆண்டுக்கணக்கில் மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டிருக்கும். பிடிபட்டால் வலை போகும், தண்டமும் வரும். பெயர்ந்து வந்த குடும்பத்தால் வழக்குக்கு அலைய முடியுமா?

சட்டம் இருக்கட்டும், மீனின் பக்கமாகவும் பார்ப்போம். எமது குளங்களில் அதிகம் படுவது திலாப்பியா. சில ஊர்களில் யப்பான் மீன் என்பார்கள். இது எமது நாட்டு மீன் அல்ல. 1952இல் கொண்டுவந்து விடப்பட்டது. ஆண் மீன் கரையோரச் சேற்றிற் சட்டிபோலக் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, முட்டைகளைத் தன் வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்தத் தொடங்கும்வரை வாயிலேயே வைத்திருக்கும். அந்த நாட்களில் தாய் இரை தேடுவது அரிது. சிறு கண் வலை ஒரு தாயைப் பிடித்தால் ஒரு வாய் நிறைந்த குஞ்சும் அதோடு போய்விடும். பெரிய கண் வலை, ஒரு முறையாவது குஞ்சு விட்டு வளர்ந்த மீனை எடுக்கிறது. அதற்குள் அது குளத்துக்குத் தன் கடனைக் கொடுத்திருக்கும். இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. வழியில் பறவைக்கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுக்கலாம், தாயை விட்டுவிட வேண்டும் என்பது அதன் பொருள். அதைக் கேட்டவர்களும் பாலைவனத்தில் பெயர்ந்து அலைந்த மக்களே என்பது எமது மனதிற் படும்.

சிறு கண்ணில் இன்னொரு நட்டமும் உண்டு. ஒரு கிலோ சிறு மீனுக்கு வியாபாரி தரும் விலை, ஒரு கிலோ பெரு மீனுக்குத் தரும் விலையல்ல. வலையில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற இரண்டு மடங்கு நேரம். வெயில் ஏறுமுன் முடியாது. கடைசிக் கூடை மணக்கத் தொடங்கிவிடும்.

குளம் வற்றும்போது நடந்து பாருங்கள்

எமது குளங்கள் பல காட்டை மூடி நின்ற நீர். உள்ளே பாலையும் மருதுமாக வெட்டிய குற்றிகள் இன்றும் நிற்கின்றன. புது வலை முதல் இரவிலேயே குற்றியிற் கொழுவிக் கிழிந்த கதை எல்லாக் குளத்திலும் உண்டு. வயதான ஒரு மீனவர் எமக்குச் சொன்னார்: "தண்ணி நிறைஞ்சு நிக்கேக்க எல்லாக் குளமும் ஒண்டுதான் பாதர். ஆவணி புரட்டாதியில வத்தேக்க ஒருக்கா நடந்து பாருங்கோ. எந்தக் குத்தி எங்க நிக்குது எண்டு கால் அறிஞ்சால்தான் பிறகு கை வலை விடலாம்." அவர் தன் மகன்மாரை ஆண்டுதோறும் அப்படிக் கூட்டிப்போவாராம். கட்டில் நிற்கிற ஒரு மரத்தையும் எதிர்க்கரையில் ஒரு பாறையையும் குறியாக வைத்து, இரண்டுக்கும் இடையில் வெளியான பாதையை மனதில் எழுதிக்கொள்வார். மாரியில் வான் பாயும்போதும் இருட்டிலும் அவரது வலை அந்தப் பாதையிலேயே விழும்.

பெயர்ந்து வந்தவருக்கு அந்த நடை இன்னும் அவசியம். அந்த ஊர்ப் பிள்ளை சிறுவயதிலிருந்தே அறிந்ததை நீங்கள் ஒரு கோடையில் அறிய வேண்டும். குளம் நிறைந்திருக்கும் காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் அடுத்த கோடைவரை சொந்த வலை வாங்காமல், ஊரவர் ஒருவரோடு பங்குக்குப் போவதே மேல். பங்கு குறைவாக இருக்கும். ஆனால் வலை அவருடையது. குற்றியிற் கொழுவினால் கடனும் உங்களுடையதல்ல.

நடக்கும்போது ஆழத்தையும் பாருங்கள். மன்னாரின் கட்டுக்கரைக் குளம் போன்றவை பரந்தவை, ஆழம் குறைந்தவை. அங்கே உயரமான வலை நிலத்தில் மடிந்து கிடந்து பாசியைத்தான் சேர்க்கும். எந்தக் குளத்திலும் ஆழம் கட்டுப்பக்கமே. நெடுவலை அங்கே, குறுவலை மேற்கரையில்.

வலையைக் கயிற்றிற் கட்டுதல்

கடையில் வாங்கும் வலை வெறும் துணி போன்றது. அதை மேற்கயிற்றிலும் அடிக்கயிற்றிலும் கட்டினாற்தான் வலையாகும். இந்த வேலையிற் பலர் பிழை விடுகிறார்கள். வலை மிச்சம் வரட்டும் என்று இழுத்துக் கட்டுவார்கள். இழுத்துக் கட்டிய கண் மூடிக்கிடக்கும். மீன் முட்டித் திரும்பும். இழுத்த நிலையில் 100 மீற்றர் நீளமான வலையை 50 மீற்றர் கயிற்றிற் கட்டுங்கள். தையல் தெரிந்த பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: பாவாடைக்குச் சுருக்கு வைப்பது போல. அப்போது கண் விரிந்து நிற்கும். முட்டிய மீன் தொய்விற் சிக்கும். கயிறு பாதியாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம். குறுகிய வலை கூடுதலாகப் பிடிப்பதைப் பார்ப்பீர்கள்.

இழை தடித்தால் மீன் கண்டுகொள்ளும். மெலிந்தால் முதற் குற்றியிலேயே போகும். குற்றி நிறைந்த குளத்துக்குச் சற்றுத் தடித்த இழையே எமது தெரிவு. நாலு மீன் குறைந்தாலும் வலை நாலு மாதம் கூட நிற்கும்.

மிதப்புக்குக் கடையில் பணம் கொடுக்காதீர்கள். பழைய றப்பர்ச் செருப்பை வெட்டித் துளையிட்டால் நல்ல மிதப்பு. வலையின் இரு தலைப்பிலும் மூடி இறுக்கிய பெரிய பிளாஸ்ரிக் போத்தல் ஒவ்வொன்று கட்டி, அதில் உங்கள் அடையாளத்தை வர்ணத்தால் இடுங்கள். வலை நகர்ந்து போனாலும் யாருடையது என்று தெரியும், சண்டை குறையும்.

பாரத்துக்கு ஈயம் போடுவது வழக்கம். பழைய பற்றரியை உடைத்து, அதன் ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்குகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஓரிடத்தில் அதே சட்டியைக் கழுவிச் சோறும் வைத்திருந்தார்கள். இதை ஒருபோதும் செய்யக் கூடாது. உருகும் ஈயத்தின் புகையும் தூசும் உடம்பிற் சேரும் நஞ்சு. பெரியவர்களிலும் பார்க்கச் சிறு பிள்ளைகளின் மூளையை அது அதிகம் பாதிக்கும், பின்னர் திரும்பாது. ஈயமணி வேண்டுமானால் செய்து விற்பதை வாங்குங்கள், பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள். அதற்கும் பணமில்லையா? களிமண்ணை மணியாக உருட்டி, ஈர்க்கால் துளையிட்டு, நிழலில் உலர்த்திச் சூளையிற் சுடுங்கள். எமது முன்னோர் வலைக்குக் கட்டியது அதைத்தான். குளத்தில் நீரோட்டம் இல்லை. செவுள் வலைக்குச் சுட்ட மண்மணி போதும். வீச்சு வலைக்கு மட்டும் அது காணாது.

வீச்சு வலை, கரப்பு, தூண்டில்

வீச்சு வலை பார்க்க அழகு, பழகக் கடினம். கையில் எடுத்தவுடன் விரியாது. தண்ணீரிற் பழகாமல் அறுவடை முடிந்த வயலில் அல்லது கோயில் வெளியிற் பழகுங்கள். நிலத்தில் வட்டமாக விழத் தொடங்கிய பின்னரே குளத்துக்குப் போங்கள். தொடக்கக்காரருக்கு நெஞ்சளவு நீளமான வலை போதும். ஆளுயரத்துக்கு மேற்பட்ட வலையை முதலில் வாங்கியவர்கள் பலர் அதை வீட்டுக் கூரையிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். குற்றி உள்ள இடத்தில் வீசவே கூடாது. இதற்கும் எந்தக் கண்ணளவு, எந்த இடம் என்பதை ஊர்ச் சங்கத்திடம் கேட்டு அறியுங்கள்.

கரப்பு, நீர் முழங்காலளவு வற்றிய காலத்துக்கு உரியது. பிரம்பிலோ மூங்கிலிலோ பின்னலாம். செலவு உழைப்பு மட்டுமே. குத்தியவுடன் மேல்வாயால் கையை விடாதீர்கள். உள்ளே அடிக்கிற அடியைக் கவனியுங்கள். விராலின் அடி பலமானது, ஒரே அடியாக வரும். சுங்கான் என்றால் கை கவனம். அதன் செட்டைமுள் குத்தினால் கடுத்துக் கைமுழுதும் ஏறும். குத்தினால் பொறுக்கக்கூடிய சுடுநீரில் கையை வைத்திருங்கள், வலி தணியும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ கை வீங்கினாலோ வைத்தியசாலைக்குப் போங்கள்.

வற்றிய குளத்தில் கடைசியாக எஞ்சுவது மடு. அதையும் கலக்கி இறைத்து வெறுமையாக்குவது சில இடங்களிற் பழக்கமாகிவிட்டது. மழை வரும்போது குளத்தை மீண்டும் நிரப்பப் போகிற விராலும் கெண்டையும் அந்த மடுவுக்குள்தான் கிடக்கின்றன.

முதலே இல்லாதவருக்கு நாம் முதலிற் சொல்வது தூண்டில். முள்ளின் இலக்கம் கூடக் கூட முள் சிறிது என்பதை மறவாதீர்கள்; 12 என்பது 6இலும் சிறியது. திலாப்பியாவுக்கு 8 அல்லது 10, இரைக்கு மண்புழு அல்லது பிசைந்த கோதுமை மா. விராலுக்குப் பெரிய முள், இரைக்குச் சிறு தவளை. தாமரை இலையோரமாக விட்டுப் பொறுமையாக இருங்கள். ஆனால் நீர்மட்டத்திற் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோல அசைந்தால், அதன் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன என்பது பொருள். அங்கே தூண்டில் போட்டால் உடனே கௌவும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அந்த மீனை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அந்த இடத்தை விட்டு நடந்துவிடுங்கள்.

குடும்பத்தைத் தனியே தாங்குகிற பெண்கள் பலர் தூண்டிலாலும் அத்தாங்காலும் நாளாந்தக் கறியைத் தேடிக்கொள்வதைக் காண்கிறோம். வலையில்லை என்பதற்காகச் சங்கத்தில் அவர்களைக் கணக்கெடுக்காமல் விடுகிற ஊர்களும் உண்டு. அது நியாயமல்ல என்பது எமது கருத்து.

வலையைக் காத்தல்

நைலோன் உக்காது என்பது உண்மை. ஆனால் வெயில் அதைத் தின்னும். நாள்முழுதும் வேலியில் விரித்து வைத்த வலை சில மாதத்தில் நூல்போல அறும். கழுவி, நிழலிற் காயப்போட்டு, உயரக் கட்டித் தொங்கவிடுங்கள். கழுவாத வலையின் மீன் மணத்துக்கு எலி வரும். ஒரு இரவில் அது செய்யும் வேலையை ஒரு மாதத்திலும் பொத்த முடியாது. நற்செய்தியில் ஆண்டவர் முதற் சீடர்களைக் கண்டபோது சிலர் வலையை அலசிக்கொண்டும், சிலர் பழுது பார்த்துக்கொண்டும் இருந்தார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. மீன் பிடித்த நேரத்திலும் அந்த வேலைக்குப் போன நேரம் கூட என்பதை வலைத்தொழில் செய்கிற எவரும் அறிவர்.

வலை பொத்தக் குடும்பத்தில் இருவராவது பழக வேண்டும். வலையூசி ஒன்றும், 3½ அங்குலக் கண்ணுக்கு அளவாகச் சீவிய மரக்கட்டை ஒன்றும் போதும். சிறு ஓட்டையை அன்றன்றே பொத்துங்கள். பொத்தத் தெரியாதவர் கூலி கொடுத்துப் பொத்துவிக்கும் பணம் ஆண்டுக் கடைசியில் இன்னொரு வலையின் விலைக்குக் கிட்ட வந்துவிடும்.

மாலையில் விட்ட வலையை விடியுமுன் தூக்குங்கள். வலையிற் செத்துக் கிடந்த மீன் எமது வெப்பத்தில் விரைவாக மென்மையாகிவிடும். வியாபாரி அதைத்தான் முதலில் அமுக்கிப் பார்ப்பார்.

உயிருக்கு ஆபத்தானவை

வள்ளம் இல்லாதவர்கள் லொறி ரியூப்பில் மிதந்து வலை விடுகிறார்கள். அதைத் தவிர் என்று சொல்லிவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் வேறு வழியில்லை என்பதும் தெரியும். குறைந்தது இரண்டு பேராகப் போங்கள். மூடி இறுக்கிய வெறும் 5 லீற்றர்க் கான் இரண்டை நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள். சோழகம் பலமாக வீசும் மாதங்களிற் பெரிய குளத்தில் பிற்பகல் அலை எழும்பும். காலையிலேயே வேலையை முடியுங்கள்.

முதலை உள்ள குளத்தில் இருளத் தொடங்கும் நேரம் தண்ணீருக்குள் நிற்காதீர்கள். பிடித்த மீனை இடுப்பிற் கட்டிக்கொண்டு நடப்பது அதை அழைப்பதற்குச் சமம். மீனை வெட்டிக் குடலைக் கரையில் எறிவதும் அப்படியே. நாளைக்கு அதே இடத்திற் பிள்ளைகள் குளிப்பார்கள். காலிற் புண்ணோடு சேற்றில் நின்றவருக்குச் சில நாளிற் கடுங்காய்ச்சலும் தசைநோவும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தாமதியாமல் வைத்தியரிடம் போய், குளத்தில் இறங்கியதைச் சொல்லுங்கள்.

வெடிபொருள், நஞ்சு இரண்டையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். போர் நடந்த பகுதிகளிற் குளம் வற்றும்போது சேற்றில் இரும்பு தென்படும். அதை எடுத்து வெடிக்கவைத்து மீன் பிடிக்கலாம் என்று எண்ணியவர்கள் கையையும் கண்ணையும் இழந்திருக்கிறார்கள். தொடாதீர்கள். இடத்தை அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். வெடியும் நஞ்சும் 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீர்வாழ் உயிரினவளச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. முன்னைய நாளில் காட்டுக் குட்டைகளில் மருக்காரைக் காயை இடித்துப் போட்டார்கள் என்று முதியவர்கள் சொல்வதுண்டு. இன்று அதற்குப் பதிலாக வயல் மருந்துப் போத்தலை ஊற்றுகிறார்கள். அந்த நீரைத்தான் மாடும் குடிக்கிறது, நாமும் குடிக்கிறோம்.

குளத்துக்குப் போகிற பாதை காட்டோரமாகவே போகிறது. பன்றிக்கென்று அங்கே சிலர் கட்டுத்துவக்கும் கம்பிச்சுருக்கும் வைக்கிறார்கள். வலை தூக்க இருட்டில் நடந்தவரின் காலைப் பதம்பார்ப்பது இந்தக் கட்டுத்துவக்குத்தான். அதற்குப் பன்றி எது, மனிதன் எது என்று தெரியாது. கம்பிச்சுருக்கும் அப்படியே. 2020 மே மாதம் மலையகத்தில் நல்லதண்ணிப் பகுதியிற் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிகிச்சை பலனின்றி இறந்தது. எமது தோட்டத்தைப் பன்றி அழிக்கிறதே என்ற துயரம் நியாயமானது. அதற்கு முள்வேலியும், முறைவைத்து இரவுக்காவலும், தகர ஓசையும், வளவைச் சுற்றி வெளியாக்கிய ஒரு பட்டியும் போதாமல் இருக்கலாம். எனினும் சுருக்கும் கட்டுத்துவக்கும் எமது பிள்ளைகள் நடக்கிற பாதையில் வேண்டாம். புதிய பாதையில் முதல் நாள் ஊரவர் ஒருவரோடு, பகலில் நடவுங்கள்.

சங்கமும் கடனும்

எந்த வலை வாங்குவதற்கும் முன்னர் அந்தக் குளத்தின் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தாரிடம் போங்கள். வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை, கேட்கப் போங்கள். எந்த மாதம் குஞ்சு விடுகிறார்கள், எந்தப் பகுதியில் வலை விடுவதில்லை, அனுமதிப்பத்திரத்துக்கு யாரிடம் போவது என்று கேளுங்கள். கமக்காரர் அமைப்பு வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் நாளையும் அறியுங்கள். மாரியில் வான் பாயும்போது மீன் ஓட்டத்துக்கு எதிராக ஏறி வரும். அந்த இடத்தை மறித்து வலை கட்டுவது இலகுவான பிடிதான். ஊரோடு பகை வருவதற்கும் அதைவிட இலகுவான வழி கிடையாது.

வியாபாரி வலை தருகிறார் என்றால் யோசியுங்கள். வலை கடனுக்கு, மீன் அவருக்கே, விலை அவர் சொன்னது. இந்தக் கணக்கில் வலை கிழியும் காலத்துக்கும் கடன் முடியாது, அடுத்த வலையும் அவரிடமே. இதற்கு மாற்றாக ஐந்து குடும்பம் சேர்ந்து கிழமைக்கு ஒரு சிறு தொகையைச் சேமித்து, முதலில் ஒரே ஒரு வலை வாங்கி முறைவைத்து விட்டதை நாம் கண்டிருக்கிறோம். மெதுவானதுதான். முறை தவறியதென்று சண்டையும் வந்தது. கொப்பியில் கணக்கு எழுதிய பிள்ளை இல்லாவிட்டால் அது குழம்பியிருக்கும். ஆனால் இரண்டாம் ஆண்டில் அவர்களிடம் மூன்று வலை இருந்தது, கடன் இருக்கவில்லை. முதல் முயற்சியில் தோட்டை அடகு வைத்த அந்தத் தாயும் அந்த ஐந்தில் ஒருவர். தோடு மீளவில்லை, அது ஏற்கனவே மூழ்கிவிட்டது.

குழுவிற் கூடும்போது

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள வலையைக் கொண்டுவாருங்கள். பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டம் ஒன்றும் வேண்டும். பத்துக் கண்ணை இழுத்து அளந்து எழுதுங்கள். 85 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவை எத்தனை? அவற்றை வைத்திருப்பவர்கள் யாரிடம், என்ன கடனுக்கு வாங்கினார்கள்? அவரைக் குறைகூறாமல், மாற்று வலைக்கு வழி என்ன என்று பேசுங்கள். சங்கத்தில் ஒருவரை அழைத்து, குளத்தின் படமொன்றை நிலத்திற் கோலமாவால் வரைந்து, குற்றி நிற்கும் இடங்களையும் மடுவையும் குறிக்கச் சொல்லுங்கள். படத்தைக் கொப்பியில் எடுத்து வையுங்கள். ஆவணியில் நடக்கப் போகும்போது அதையும் கொண்டுபோகலாம்.